அப்பா பேர் வேறென்றால் ஆள் வேறு

மூன்று வருடங்கள், செத்துப்போனவர்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். கிள்ளானில், எங்கள் தாமான் வீடுகளுக்கு நடுவே, அந்தப் பதில் போதும். அதற்கு மேல் கேட்பவர்கள், தங்கள் மகளுக்கும் அங்கே ஒரு வேலை கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள்.

ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில், பூமாலைக் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. பழைய, புதிய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகள், கருமக்கிரியை அறிவிப்புகள், நினைவஞ்சலிகள் எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரு மொழி மாடலுக்குக் கொடுப்பார்கள். நாங்கள் அதை மாடல் என்போம், அம்மா மெஷின் என்பாள். அது "இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையுமான" என்று படித்துக்கொண்டே போய், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு முடிச்சு போடும். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அதன் மேல் மகள், பேரன், சம்பந்தி என்று எழுதும். ஒரு சாவுக்கு முப்பது முடிச்சு வரும். இப்படியே போட்டுக்கொண்டு போனால் கடைசியில் இந்த நாட்டுத் தமிழர்கள் எல்லாரும் ஒரே வலைக்குள் வந்துவிடுவார்கள் என்றும், தாத்தா யார் என்று தேடுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் முதலாளிகளின் நினைப்பு.

சிக்கல் எல்லாம் பெயரில்தான். நம் ஆட்களிடம் ஒரே பெயரில் ஒரு ரயில் நிறைய ஆட்கள் உண்டு. காப்பாரில் பேரனாக வருகிறவனும் ரவாங்கில் மாப்பிள்ளையாக வருகிறவனும் ஒருத்தனா, இரண்டு பேரா? மாடல் இரண்டு முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காரணங்களை எழுதி, தன் முடிவையும் சொல்லும். அது சொல்வது சரிதானா என்று பார்ப்பது நான். எனக்கு இரண்டு பொத்தான்கள். ஒன்று "ஒருவரே", மற்றது "வேறு".

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் டீம் லீடர் என் மேசைக்கு வந்தாள். நம் பிள்ளைதான், ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"அக்கா, நம்ம ஆளுங்களுக்கு சர்நேம் இல்ல லா. மாடல் ரொம்ப கன்ஃபியூஸ் ஆகுது. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க, இவரு வேற அவரு வேறன்னு?"

"இதுல என்ன இருக்கு? அப்பா பேர் வேறன்னா ஆள் வேற."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஐசி கார்டுலயே அப்பா பேரச் சேர்த்துத்தான போட்டிருக்கு."

அவள் நின்ற இடத்திலேயே போனில் தட்டிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து மாடலுக்குக் கொடுக்கும் கட்டளைகளில் என் வாக்கியமும் ஒன்று. அப்பா பெயர் பொருந்தாவிட்டால் அது உடனே "வேறு" என்று முடிவு செய்துவிடும். அப்படி வருபவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, இருபது இருபதாகப் பட்டியல் போட்டு வரும், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று ஒரே அழுத்தாக அழுத்திவிடலாம். வேலை வேகமாக நடந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

இந்த வேலையில் நான் சேர்ந்ததே அண்ணனைத் தேடத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. அப்பாவும் அவனும் போர்ட் கிள்ளானில் ஒரே கம்பெனிக்கு லோரி ஓட்டினார்கள். ஒரு நாள் கொள்கலன் ஏற்றிய லோரியை அண்ணன் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்துவிட்டான். அப்பா வந்து, அத்தனை டிரைவர்கள் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அடிக்கவில்லை, பிடித்தான், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது போதும். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பன் கையைப் புடிச்சவன் எனக்குக் கொள்ளி வைக்க வேணாம். நான் செத்தாக்கூட இந்த வாசப்படிய மிதிக்காத."

அண்ணன் கை கழுவிவிட்டு ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு போனான். அம்மா கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அப்பாவின் நாக்கில் அன்று சனி இருந்தது. ஆனால் அண்ணன் மாதிரி அப்பா சொல் தட்டாத பிள்ளையும் உலகத்தில் கிடையாது. இரண்டு வருடம் கழித்து அப்பா மாரடைப்பில் போனபோது, அவன் கண்ணில் படட்டும் என்றுதான் பத்திரிகையில் பெரிதாக அறிவிப்பு போட்டோம். அவன் வரவில்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். அண்ணன் அறிவிப்பைப் பார்க்கவே இல்லையா, பார்த்தும் வரவில்லையா என்று அம்மாவும் நானும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அம்மாவின் சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நிலையத்தில் ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைக்கும் என்பதால் ஒரு சிவப்புக் கம்பளிப் போர்வையை எப்போதும் கொண்டுபோவாள். திரும்பி வரும்போது காரின் முன் சீட்டைச் சாய்த்து, போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடப்பாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் கை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பேன்.

"இருக்கேன் லா. ரோட்டப் பாத்து ஓட்டு," என்பாள் உள்ளேயிருந்து.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "எம்புள்ள வந்து எனக்குக் கொள்ளி வைக்கணும். அது போதும் எனக்கு. உங்கப்பா சொன்னது அவருக்கு மட்டும்தான். நான் எதுவும் சொல்லலையே?" இதை எத்தனை முறை சொல்லியிருப்பாள்! கடைசிப் பக்கம் தெரிந்துபோன புத்தகம் மாதிரி எனக்கு அந்தப் பேச்சு பழகிப்போனது.

தேடாத இடமில்லை. போலீஸில் சொன்னேன், பெரிய ஆம்பளை, தானாகப் போனவன், தானாக வருவான் என்றார்கள். போர்ட் கிள்ளானில் லோரிகள் நிற்கும் இடங்களில் அவன் படத்தைக் காட்டிக்கொண்டு அலைந்தேன். அங்கே டிரைவர்கள் சாப்பிடும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையின் முதலாளி, ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம், நல்ல மனுசர். நான் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அந்தப் பேர்ல எனக்கே மூணு கஸ்டமர் இருக்காங்கம்மா. ஒருத்தரு தே தாரிக் டீல சீனியே போடக்கூடாதும்பாரு. ஒருத்தரு ரொட்டிக்குக் கறி வேணாம், சம்பல் மட்டும். ஒருத்தரு எப்பவும் அந்த மூலை மேசைதான். உங்கண்ணன் எப்படிக் குடிப்பாரு? அதச் சொல்லுங்க, நான் கண்டுபுடிச்சிடுறேன்."

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அம்மா போட்டுக் கொடுப்பதைக் குடிப்பான், அதற்கு மேல் என்ன தெரியும்? அப்பா பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்பா பேரெல்லாம் இங்க யாரு சொல்லுவாம்மா?"

பிறகு யாரோ கம்போங் மேடானில் ஒரு ஃபிளாட்டில் அந்தப் பெயரில் ஒரு லோரி டிரைவர் இருப்பதாகச் சொன்னார்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அது நான் செய்த பெரிய முட்டாள்தனம். நான்கு மாடி. அம்மா ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். கதவைத் திறந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், மனசு வைத்தால் அந்த முகம் மாறிவிடும் என்று நம்பினாளோ என்னவோ. அன்றிலிருந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இனிமேல் பெயரை மட்டும் நம்பி எங்கேயும் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அப்பா பெயரும் ஒத்துவந்தால்தான் அம்மாவிடம் வாயைத் திறப்பேன்.

ஆபீஸிலும் அதையேதான் செய்தேன். சொந்த வேலைக்கு வலையில் தேடக்கூடாது என்று கையெழுத்தெல்லாம் வாங்கியிருந்தார்கள். ஆனால் மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே போனதும் அண்ணன் பெயரை அடிப்பேன். நூற்றுக்கணக்கில் வந்து விழும். அப்பா பெயரையும் சேர்த்து அடிப்பேன். ஒன்றே ஒன்று மிஞ்சும். அப்பாவின் மரண அறிவிப்பிலிருந்து மாடல் செய்த முடிச்சு அது. அதிலிருந்து அப்பாவுக்கு ஒரு கோடு, அம்மாவுக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடு. அதைத் தாண்டி ஒன்றுமில்லை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஊர் இல்லை. தினமும் அதைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

அவன் பெயர் அவ்வளவு சாதாரணப் பெயர். முதல் மாதம், பட்டியலில் அது வரும்போதெல்லாம் தனியாகத் திறந்து பார்ப்பேன். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. ஒரு வருடத்தில், அது என் அண்ணன் பெயர் என்பதே சில நாள் மறந்துபோனது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் தைப்பூசம் கழிந்து ஒரு வாரம் இருக்கும். டயாலிசிஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அம்மா காலையில் பத்திரிகையை மரண அறிவிப்புப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவாள். செத்தவர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியும். இவள் சித்தி மகள், அவன் இரண்டாம் தாரத்துப் பிள்ளை, இந்த மாப்பிள்ளை வீட்டோடு வந்து உட்கார்ந்தவன் என்று அவளிடமும் ஒரு வலை இருந்தது. அன்று அவள் ஓர் அறிவிப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. ஜெஞ்சாரோம்ல ஒரு பெரியவரு தவறிட்டாரு. மகன்னு உங்கண்ணன் பேரு போட்டிருக்கு."

"உலகத்துல இருக்கிற பாதிப் பேருக்கு அந்தப் பேருதாம்மா."

"பேத்தின்னு ஒரே ஒரு பேரு. அது எம்பேரு."

"உங்க பேரும் அப்படித்தான். கிளம்புங்க, லேட்டாச்சு."

"நம்பர் போட்டிருக்கு. ஒரு போன் போட்டுப் பாரேன்."

எனக்குக் கோபம் வந்தது. கம்போங் மேடான் படிகள் ஞாபகம் வந்தன. அவள் கையில் குத்திக் குத்திக் கறுத்துப்போயிருந்த நரம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"மகன்னு போட்டிருக்காங்கல்ல? அப்ப அந்தச் செத்தவருதான் அவனுக்கு அப்பா. நம்ம அப்பாவா அது? அப்பா பேர் வேறன்னா ஆள் வேறம்மா. நான் தினமும் செய்யிற வேலை இது, எனக்குத் தெரியாதா? துக்க வீட்டுக்குப் போனப் போட்டு என்னன்னு கேக்கறது?"

அம்மா பத்திரிகையை மடித்துப் போர்வைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அதே அறிவிப்பு ஆபீஸில் நான் சரிபார்க்கும் வரிசையில் வந்திருக்கிறது. மாடல் அந்த ஜெஞ்சாரோம் மகனை எங்கள் கிள்ளான் முடிச்சோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. தந்தை பெயர் பொருந்தவில்லை, வேறு நபர் என்று எழுதி, இருபதுப் பட்டியலில் ஒன்றாக எனக்கு அனுப்பியிருக்கிறது. அன்று டயாலிசிஸ் நாள். அம்மாவை அழைத்துவரக் கிள்ளானுக்கு மூன்று மணி ரயிலைப் பிடிக்கவேண்டும். நான் "எல்லாம் சரி" என்று அழுத்திவிட்டு பையை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். எனக்கு ஞாபகம்கூட இல்லை.

அம்மா தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் போனாள். கடைசி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் யார் கட்டில் பக்கம் வந்தாலும் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ரத்தம் எடுக்க வந்த மலாய்க்காரப் பையனைக்கூட அப்படித்தான் கூப்பிட்டாள். அவன் திருத்தவில்லை. "யா, மா," என்று பதில் சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கொடு என்று எந்தச் சாமியைக் கேட்பது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கேட்டேன்.

சுடுகாட்டில் இப்போது விறகு இல்லை. பெட்டி உள்ளே போனதும் மகன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும், அதற்குப் பெயரும் கொள்ளிதான். அங்கே வேலை செய்பவர் கேட்டார்:

"மகன் இல்லையாக்கா?"

"இருக்கான்."

"எங்க?"

பெரியப்பா மகன் முன்னால் வந்தான். நான் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நானே அழுத்தினேன். இரண்டரை வருடமாக அந்த விரல் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

அறிவிப்பில் மகன் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் போட்டேன். பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" போடவேண்டுமா என்று பத்திரிகை ஆபீஸில் கேட்டார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோனாள்.

அம்மாவின் போர்வையும் பையும் காரின் முன் சீட்டிலேயே கிடந்தன. சாய்த்த சீட்டை நிமிர்த்தவும் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்டி, எடுத்து வைத்துவிடு பிள்ளை, பார்க்கவே என்னவோ மாதிரி இருக்கிறது என்றார். சரி ஆன்டி என்றேன், எடுக்கவில்லை.

அடுத்த தைப்பூசம் வந்து போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, வரிசையைத் திறந்தால், பட்டியலாக வராமல் தனியாக ஒன்று வந்து நின்றது. அப்படி வந்தால் மாடல் தன் பழைய முடிவை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்று அர்த்தம். திரையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் என்னால் இன்றைக்கும் சொல்லமுடியும்.

"ஜெஞ்சாரோம் குடும்பத்தின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி புதிதாகக் கிடைத்துள்ளது. மரண அறிவிப்பில் மகன் எனக் குறிப்பிடப்பட்டவர் இதில் மருமகன் எனக் குறிப்பிடப்பட்டுள்ளார். ஆண் வாரிசு இல்லாத குடும்பங்களில், கொள்ளி வைத்த மருமகனை மகன் என்று போடும் வழக்கம் வேறு அறிவிப்புகளிலும் காணப்படுகிறது. எனவே இறந்தவர் இவருடைய தந்தை அல்ல. தந்தை பெயர் தெரியவில்லை. இவருடைய மகளின் பெயர், கிள்ளான் நபருடைய தாயின் பெயராக உள்ளது. இருவரும் ஒருவராக இருக்கலாம். முந்தைய முடிவு: வேறு."

அதன் கீழே, முந்தைய முடிவைச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஓர் எண் இருந்தது. என் எண்.

எங்கள் வழக்கத்தை எனக்கு ஒரு மெஷின் சொல்லிக்கொடுத்தது. வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை கொள்ளி வைத்தால் அவன் அந்த வீட்டுக்கு மகன். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன்! அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் விரலை வைத்துக் காட்டினாள். நான்தான் பெரிய இவளாட்டம் அவளுக்குப் பாடம் எடுத்தேன். மாடல்கூட நான் சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். அதன் மேல் பழி போட வழியில்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

டீம் லீடர் வந்து தோளைத் தொட்டாள். "அக்கா, ஆர் யூ ஓகே? அழுறீங்களா?"

"இது எங்கண்ணன்," என்றேன் திரையைக் காட்டி. "ஒருவரேன்னு அழுத்தணும். எனக்குக் கை வரமாட்டேங்குது. நீ அழுத்து."

அவள் அழுத்தினாள். இரண்டு முடிச்சும் ஒன்றாகி, அண்ணனிடமிருந்து புதிதாக இரண்டு கோடுகள் கிளம்பின. மனைவி. மகள். அந்த மகளின் பெயர் இருந்த இடத்துக்கும் அம்மாவின் பெயர் இருந்த இடத்துக்கும் நடுவில் மாடல் தானே ஒரு கோடு இழுத்து, பாட்டி என்று எழுதியது.

கீழே இறங்கி வந்து காரை எடுத்தேன். அம்மா போனதிலிருந்து ரயிலில் போவதை விட்டுவிட்டேன். காலி வீட்டுக்குச் சீக்கிரமாகப் போய் என்ன செய்ய, காரிலேயே வந்து நெரிசலில் உட்கார்ந்திருப்பேன். அறிவிப்பில் போன் நம்பர் இருந்தது. அடிக்கவில்லை. அடித்து, அவன் வைத்துவிட்டால்? முகவரியும் இருந்தது. கிள்ளானைத் தாண்டி பந்திங் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அம்மா போயிட்டாங்க. அம்மா இல்லண்ணே. அம்மா உன்னையே கூப்பிட்டுட்டு இருந்தாங்க. எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி, எனக்கு ஏன் சொல்லலை என்பதுதான். அதற்கு என்னிடம் இருந்த பதில், அம்மா விரல் வைத்துக் காட்டிய அந்தப் பத்திரிகை, பக்கத்து சீட்டுப் பைக்குள் மடித்துக் கிடந்தது.

வீடு ரோட்டிலிருந்து உள்ளே, தோட்டத்து ஓரம், பலகை வீடு. முன்னால் கொள்கலன் கழற்றிய லோரித் தலை ஒன்று நின்றது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். நாய் குரைத்தது. ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, யாரோ ஆன்டி" என்று உள்ளே ஓடியது. அம்மாவின் நெற்றி அதற்கு.

அண்ணன் கைலியோடு வெளியே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அவன் கையில் ஒரு கப் இருந்தது, அதில் என்ன இருந்தது, எவ்வளவு சீனி என்று கேட்கவேண்டும்போல இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கப்பைப் படியில் வைத்தான். எனக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

அவன் கண்கள் என்னைத் தாண்டிப் போயின. கறுப்புக் கண்ணாடி போட்ட கார், சாய்ந்த முன் சீட்டு, தலைவரை இழுத்து மூடின மாதிரி குவிந்துகிடந்த சிவப்புப் போர்வை.

"அம்மாவயும் கூட்டிட்டு வந்தியா?" என்றான். "ஏன் கார்லயே உக்கார வச்சிருக்க? வெயிலு லா."

நான் அவன் கையைப் பிடிக்க நீட்டினேன். அதற்குள் அவன் செருப்புக்கூடப் போடாமல் வேலியைத் தாண்டி, "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே காரை நோக்கி ஓடினான்.